தலை குனியும் இடம்

இரவெல்லாம் ரொட்டி வரிசையில் நின்று
ஐந்து மணிக்கு அட்டையைத் தேய்த்து வெளியே வந்தால்
கோபே நகரம் இன்னும் படுக்கையில்.
தபால் பெட்டியருகே தெரு இரண்டாகும்:
வலப்பக்கம் என் வீடு, இடப்பக்கம் மலை.
இடப்பக்கம் திரும்பத் தொடங்கி ஆறு வருடம்.

மலை என்றால் சிரிப்பார்கள்.
நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.
கடைசி வீட்டின் துணிக்கொடி முடிகிற இடத்தில்
ஓக் மரங்கள் ஆரம்பிக்கும்.
கருங்கல் உதிர்ந்து மணலான பாதை
சிந்திய சீனிபோல் காலடியில் நெறுநெறுக்கும்.
திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்,
அவற்றுக்கு அப்பால் கடல்,
பாதி விழித்த கண்.

உச்சியில் ஒரு தேநீர்க் குடில்.
மேசைமேல் கோடுபோட்ட நோட்டு,
கயிற்றில் கட்டிய பென்சில்.
வந்தவர் பெயரெழுதி
எத்தனையாவது ஏற்றம் என்று எண் போடுவது
இந்த ஊர் வழக்கம்.
குடில் நடத்தும் ஓரியே
மாதக் கடைசியில் அதைக் கூட்டிப் பார்ப்பாள்,
கடைக் கணக்கைவிடக் கவனமாக.

என் பெயருக்கு மேல்வரியில் எப்போதும் நிஷிவாக்கி.
பக்கத்தில் வானிலை, அல்லது பன்றி.
'குட்டிகள் நாலு. நேற்று ஐந்து.'
அதற்குமேல் ஒரு சொல் இருக்காது.
நான் ஏறும்போது அவர் இறங்குவார்.
ஒரு தலையசைப்பு.
அவர் எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது.

செப்டம்பரில் மூன்றாம் வளைவில்
காமெலியாச் செடிக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே
மஞ்சள் வரிக் கால்களோடு ஒரு சிலந்தி குடியேறியது.
தினமும் கட்டும்.
நான் வரும்போது அறுந்து
இரு பக்கமும் இழை மட்டும் ஆடும்.
முதலில் போனவர் முகம் அதில் பட்டிருக்கிறது.
இரண்டாவதாக நடப்பதில் இப்படியொரு சௌகரியம்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை
வலை என் முகத்தில் அறைந்தது.
இமையில், உதட்டில், காதுக்குப் பின்னால்.
நின்றுவிட்டேன்.
கீழே எங்கோ ஒரு கப்பல் ஊதியது.
மேலே போய் நோட்டைத் திறந்தால் பக்கம் வெள்ளை.
இரண்டு நூலும் ஒரே சேதியைச் சொல்லின.

மறுநாளிலிருந்து டார்ச் அடித்துக் குனிந்து போனேன்.
முதல் ஆளாக நடந்தால் மலை வேறு:
சேற்றில் புரண்டு எழுந்த தாய்ப்பன்றி
வாடகை பாக்கி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.
மூங்கில் மறைவில் ஏதோ ஒன்று
பாதி எழுப்பிய குரலை விழுங்கிக்கொண்டது.

நோட்டில் என் பெயரை இரண்டாம் வரியிலேயே எழுதினேன்.
முதல் வரியை வெறுமனே விட்டேன்.
ஓரியே பார்த்தாள்; கேட்கவில்லை.
கோப்பையைக் கொஞ்சம் நிரம்ப ஊற்றினாள்.

பத்தொன்பது வெற்று வரிகள்.

இருபதாம் நாள்
வலை முழுசாகத்தான் இருந்தது, பனித்துளி கோத்து.
குனிந்தேன், ஏறினேன்.
மேலே முதல் வரியில்
இடக்கையால் கிறுக்கிய எழுத்து:
'நிஷிவாக்கி. 4,118.
விழுந்தது சமையலறை முக்காலியிலிருந்து. மலையிலிருந்து அல்ல.'

மாவுக்கட்டுப் போட்ட வலக்கையோடு
பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.
"வலை அறுபடவில்லையே?" என்றேன்.
ஆறு வருடத்தில் அவரிடம் நான் பேசிய
முதல் வாக்கியம் அது.

"முன்னெல்லாம் இருட்டில்
முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏறிவிடுவேன்.
இப்போது துடைக்கக் கையில்லை" என்றார்.
"அதனால் குனிந்தேன்."

டிசம்பரில் சிலந்தி சுருங்கி, ஒருநாள் காணோம்.
காமெலியா இலையின் அடியில்
பஞ்சுப் பொட்டலம்போல் முட்டைப்பை மட்டும்.
பன்றிகள் ஓக் கொட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டன.
மாவுக்கட்டும் போயிற்று.

நேற்று ரொட்டி இயந்திரம் மக்கர் செய்து
அரைமணி தாமதம்.
மூன்றாம் வளைவில் நான் ஏற, அவர் இறங்க,
நடுவில் வெறும் காற்று.
இருவரும் குனிந்தோம்.

பின்னால் வந்தவர்கள்
வணக்கம் சொல்லிக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.